பிராசசர் சொன்ன வேகத்தில் ஓடவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

என் சித்தி மகள் ஒருநாள் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "விண்டோஸை இரண்டு முறை அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டேன் அண்ணா. வைரஸும் இல்லை. ஆனால் ஒரு இணையப் பக்கம் திறக்க முக்கால் நிமிடம் ஆகிறது" என்றாள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனேன். பயன்பாடு 100 சதவீதம். அதன் அருகே வேகம் 0.39 கிகாஹெர்ட்ஸ். அடிப்படை வேகம் 1.60 கிகாஹெர்ட்ஸ் என்று அதே திரையில் எழுதியிருந்தது. இரண்டு நாள் அவள் பட்ட பாட்டுக்கான விடை அந்த ஓர் எண்ணிலேயே இருந்தது. அதைப் படிக்கத்தான் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

பிராசசர் தானாகச் சோம்பிப்போவதில்லை. "மெதுவாக ஓடு" என்று எங்கிருந்தோ ஒரு கட்டளை வருகிறது, அது பணிகிறது. கட்டளையிடுபவர்கள் நான்கு பேர்தான்: வெப்பம், மின்சார வரம்பு, சார்ஜர் போன்ற வெளி உறுப்புகள், இயங்குதளத்தின் அமைப்பு. இவர்களில் யார் என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் எதையும் கழற்ற வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம், எதையும் வாங்க வேண்டாம்.

முதலில் மூன்று எண்கள்

வேகம், வெப்பம், வாட் (பிராசசர் எடுக்கும் மின்சாரம்). இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். வேகத்தை மட்டும் பார்த்தால் குற்றவாளி பிடிபட மாட்டான். விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் மூன்றையும் காட்டும். இன்டெல் பிராசசர் என்றால் த்ராட்டில்ஸ்டாப் இன்னும் உதவும். அதில் 'லிமிட் ரீசன்ஸ்' என்றொரு சிறு சாளரம் இருக்கிறது. வேகத்தைத் தடுப்பது எதுவோ அதன் பெயர் அங்கே சிவப்பில் எரியும். லினக்ஸில் டர்போஸ்டாட் இதே வேலையைச் செய்கிறது.

பார்ப்பது எப்போதும் சுமை கொடுத்தபின் இருக்கட்டும். சும்மா இருக்கும்போது பிராசசர் 0.8 அல்லது 1 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்குவது பழுதில்லை, பேட்டரியை மிச்சம் பிடிக்கிற நல்ல பழக்கம். ஒரு பெரிய கோப்பைச் சுருக்குவது, காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றுவது போன்ற ஏதாவது ஒரு கனமான வேலையைப் பத்து நிமிடம் ஓடவிட்டு எண்களைக் கவனியுங்கள்.

"சொன்ன வேகம்" என்பது எது என்பதிலும் தெளிவு வேண்டும், ஏனென்றால் பாதிப் புகார்கள் இங்கேதான் பிறக்கின்றன. 2017-இல் வந்த இன்டெல் கோர் ஐ5-8250யு-வை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை வேகம் 1.6, உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது 3.4. ஆனால் இன்டெல் உறுதி சொல்வது, 15 வாட் மின்சாரமும் போதிய குளிர்ச்சியும் கிடைத்தால் நான்கு கோர்களும் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) 1.6-இல் தொடர்ந்து ஓடும் என்பதை மட்டுமே. 3.4 என்பது நிலைமை சாதகமாக இருக்கும்போது எட்டிப்பிடிக்கிற டர்போ வேகம். அது மட்டுமா, மெல்லிய கணினிகளைச் செய்பவர்கள் இதே பிராசசரை 10 வாட்டுக்கு அடக்கி வைக்கவும் இன்டெல் இடம் தருகிறது. அப்போது உறுதி சொல்லப்படும் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸ். ஒரே பெயருள்ள பிராசசர் இரண்டு மடிக்கணினிகளில் இரண்டு வேகத்தில் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே டர்போ உச்சத்தைத் தொடாததைப் பழுதென்று கொள்ள வேண்டாம். சுமை இருக்கும்போது அடிப்படை வேகத்துக்குக் கீழே போவதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

அறிகுறி: 0.39 அல்லது 0.79-இலேயே நிற்கிறது, எதற்கும் அசையவில்லை

சுமை முழுதாக இருக்கிறது, ஆனால் கணினி சில்லென்று இருக்கிறது. வெப்பம் 40 டிகிரியைச் சுற்றி, விசிறியில் சத்தமே இல்லை. வேகம் மட்டும் ஆணி அடித்தாற்போல் ஒரே எண்ணில் நிற்கிறது. இந்தச் சேர்க்கையைப் பார்த்தால் வெப்பத்தின் மேல் பழி போடாதீர்கள். வெப்பத்தால் வருகிற வேகக் குறைவு ஏறி இறங்கும். இப்படி ஒரே இடத்தில் உறைந்து நிற்காது.

அந்த எண்ணுக்கே ஒரு கதை உண்டு. இன்டெல் பிராசசரின் அடித்துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால் வருவது ஓடுகிற வேகம். அந்தப் பெருக்கெண் ஆகக் கீழான 4-க்குத் தள்ளப்பட்டால் 400 மெகாஹெர்ட்ஸ். டாஸ்க் மேனேஜர் அதை 0.39 என்று காட்டுகிறது. 8 என்றால் 0.79. யாரோ அவசர பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள்.

அந்த பிரேக்கின் பெயர் பிராக்ஹாட். பிராசசர் கொதிக்கும்போது "நான் சூடாகிவிட்டேன்" என்று மற்ற உறுப்புகளுக்குச் சொல்வதற்காக வைக்கப்பட்ட ஒரு கம்பி அது. பின்னாளில் அதை இருவழியாக்கினார்கள். மின்னழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் பகுதி, சார்ஜரைக் கவனிக்கும் சில்லு, பலகையில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு என யார் வேண்டுமானாலும் அந்தக் கம்பியை இழுத்துப் பிராசசரை அடக்கலாம். எந்த உறுப்பு இழுத்தது என்று பிராசசருக்குத் தெரியாது. இழுத்தால் வேகத்தை இறக்கிவிடும், அவ்வளவுதான்.

தேடும் வரிசை இது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். வேகம் உடனே மீண்டால் சந்தேகம் சார்ஜர் மேலும் அது நுழையும் துளை மேலும். சார்ஜரின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள்; அவுட்புட் என்ற இடத்தில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்க வேண்டும்: 65 வாட். உங்கள் கணினி கேட்பது 90 என்றால் அது பசியோடு இருக்கிறது. யூஎஸ்பி-சி வந்தபிறகு இந்தக் குழப்பம் அதிகமாகிவிட்டது. எல்லாச் சார்ஜரும் எல்லாத் துளையிலும் நுழைகிறது; திறன் போதாத சார்ஜரைச் செருகினாலும் 'சார்ஜ் ஆகிறது' என்ற படம் வந்துவிடுகிறது.

சார்ஜரின் வாட் சரியாக இருந்தும் வேகம் வரவில்லை என்றால் முனையைப் பாருங்கள். வட்ட முனையுள்ள சில சார்ஜர்களின் நடுவில் ஊசிபோல் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அதன் வழியாகத்தான் "நான் இத்தனை வாட் சார்ஜர்" என்று கணினிக்குத் தகவல் போகிறது. அது வளைந்தாலும் உடைந்தாலும் மின்சாரம் வந்துகொண்டேயிருக்கும், விளக்கு எரியும். ஆனால் கணினி சார்ஜரை அடையாளம் காணாமல் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும், பிராசசரையும் அடக்கும். என் தங்கையின் சார்ஜரை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தபோது அந்த ஊசி ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. வேறொரு நல்ல சார்ஜரைச் செருகினோம். 0.39 என்ற எண் எங்கள் கண்முன்னே 3.2-க்குத் தாவியது. அவள் அழித்த கோப்புகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

சார்ஜர் குற்றமற்றது என்று தெரிந்தால், கட்டுப்பாட்டுச் சில்லு பழைய கட்டளையிலேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். கணினியை முழுதாக அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றுங்கள், பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். எஞ்சிய மின்சாரம் வடிந்து அந்தச் சில்லு புதிதாகத் தொடங்கும். எளிய வைத்தியம்தான், பல முறை பலித்திருக்கிறது. பலிக்காவிட்டால் தயாரிப்பாளரின் தளத்தில் பயோஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

த்ராட்டில்ஸ்டாப்பில் 'பிடி பிராக்ஹாட்' என்ற கட்டத்தின் குறியை எடுத்துவிட்டால் இந்த பிரேக் விடுபடும். இணையத்தில் இதையே மருந்தாகச் சொல்கிறார்கள். நான் இதைச் சோதனையாக மட்டும்தான் ஏற்றுக்கொள்கிறேன். குறியை எடுத்ததும் வேகம் மீண்டால், வெளி உறுப்பு ஒன்றுதான் கம்பியை இழுக்கிறது என்பது உறுதியாகிறது. அந்த அளவில் பயன்தான். பிராசசர் தன் சொந்த வெப்பத்துக்காக வைத்திருக்கும் பாதுகாப்பும் அப்படியே இருக்கும். ஆனால் மின்னழுத்தப் பகுதி உண்மையிலேயே கொதித்துக்கொண்டு உதவி கேட்டிருந்தால், நீங்கள் அதன் வாயைப் பொத்திவிட்டீர்கள். பலகையில் உள்ள ஓர் உணரி கெட்டுப்போய்ப் பொய் சொல்கிறது என்று நன்றாகத் தெரிந்தால் மட்டுமே இதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: அடிப்படை வேகத்தில் ஓடுகிறது, டர்போ எட்டிக்கூடப் பார்ப்பதில்லை

இது பெரும்பாலும் அமைப்புச் சிக்கல். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் மேம்பட்ட அமைப்புகளுக்குள், பிராசசரின் அதிகபட்ச நிலை என்றொரு வரி இருக்கிறது. அங்கே 99 சதவீதம் என்று இருந்தால் டர்போ அடியோடு நிற்கும். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். பல கணினிகளில் விண்டோஸ் அடிப்படை வேகத்தைத்தான் 100 என்று கணக்கிடுகிறது, டர்போ அதற்கு மேலே இருக்கிறது; 99-இல் நிறுத்தினால் அந்த வாசலே அடைபடுகிறது. சூட்டைக் குறைக்க என்று யாரோ சொல்லிக் கேட்டு மாற்றிவிட்டுப் பிறகு மறந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, விண்டோஸின் பவர் மோடு 'சிறந்த மின்சேமிப்பு' என்பதில் நிற்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் கொடுத்த மென்பொருளில் 'அமைதி' என்ற நிலை இருந்தால் அதையும் பாருங்கள். ஏதோ ஒரு விசைச் சேர்க்கையைத் தவறி அழுத்தியே அந்த நிலைக்குப் போய்விடலாம். கடைசியாக பயோஸில் டர்போ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு சொல். வேகக் கட்டுப்பாட்டில் 'பவர்சேவ்' என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். இன்டெல்லின் பிஸ்டேட் இயக்கியில் அந்தப் பெயர் ஏமாற்றுகிறது. சுமை வந்தால் அதுவும் டர்போ வரை ஏறும். பழைய இயக்கிகளில் அதே சொல் வந்தால் மட்டும், ஆகக் குறைந்த வேகத்தில் கட்டிப்போடுவது என்று பொருள்.

அறிகுறி: அரை நிமிடம் பறக்கிறது, பிறகு இறங்கிவிடுகிறது

வெப்பம் 70 அல்லது 80-இல் இருக்கிறது, ஆனால் 28 விநாடி கழிந்ததும் வேகம் ஒரு படி இறங்கி அங்கேயே நிற்கிறது. வாட் எண்ணைப் பாருங்கள்: 30-க்கு மேல் இருந்தது சரியாக 15-க்கு வந்து நிற்கும். இது பழுதே இல்லை. இன்டெல் பிராசசருக்கு இரண்டு மின்வரம்புகள் உண்டு. கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அனுமதிக்கிற பெரிய வரம்பு ஒன்று, தொடர்ந்து அனுமதிக்கிற சிறிய வரம்பு ஒன்று. இடைப்பட்ட நேரத்தைத் தயாரிப்பாளரே தீர்மானிக்கிறார். 28 விநாடி என்பது அடிக்கடி கண்ணில் படுகிற எண்.

வரம்பை மென்பொருளால் உயர்த்த முடிகிற கணினிகளும் உண்டு. உயர்த்துவதற்கு முன் வெப்பத்தைப் பாருங்கள். 15 வாட்டிலேயே 90 டிகிரி தொடுகிற கணினிக்கு 25 வாட் கொடுத்துப் பயனில்லை. ஒரு தடையை எடுத்து அடுத்த தடையில் முட்ட வைப்பதுதான் நடக்கும்.

அறிகுறி: வெப்பம் 95-ஐத் தாண்டுகிறது, வேகம் ஏறி இறங்குகிறது

இதுதான் அதிகம் பேருக்கு வருவது. பல இன்டெல் மடிக்கணினிப் பிராசசர்களின் எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கும், ஆறியதும் ஏற்றும், மீண்டும் தொடும். வரைபடத்தில் ரம்பப் பல் மாதிரி தெரியும்.

எல்லாரும் உடனே "தெர்மல் பேஸ்ட்டை மாற்று" என்கிறார்கள். பிராசசருக்கும் செம்புக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தப் பூசுகிற பசை அது. பொறுங்கள். வெப்பம் இரண்டு கட்டங்களாக வெளியேறுகிறது. முதலில் பிராசசரிலிருந்து செம்புக் குழாய்க்கு. பிறகு செம்பிலிருந்து காற்றுக்கு. எந்தக் கட்டத்தில் தடை என்று கணினியைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம்.

கணினியை நன்றாக ஆறவிடுங்கள். முழுச் சுமையைக் கொடுத்து முதல் சில விநாடிகளைக் கூர்ந்து பாருங்கள். 45 டிகிரியிலிருந்து இரண்டு மூன்று விநாடிக்குள் 95-க்குப் பாய்ந்து, அங்கேயே முட்டிக்கொண்டு, சுமையை நிறுத்திய மறுகணம் 60-க்கு விழுந்தால், வெப்பம் செம்புக்கே போய்ச் சேரவில்லை. பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது திருகு இளகியிருக்கிறது. வெளியேறும் காற்றில் கையை வைத்தால் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கும். பிராசசர் கொதிக்கும்போது காற்று வெதுவெதுப்பாக வருவது நல்ல அடையாளம் இல்லை.

மாறாக, வெப்பம் ஐந்து நிமிடம் எடுத்துப் படிப்படியாக 95-க்கு ஏறி, சுமையை நிறுத்தியபின்னும் மெதுவாகவே இறங்கினால், செம்பு தன் வேலையைச் செய்துவிட்டது, காற்றுதான் கொண்டுபோகவில்லை. அடிப்பாகம் கை வைக்க முடியாமல் சுடும், காற்று வரும் வழியில் விசையே இருக்காது. தூசி.

அந்தத் தூசி எங்கே இருக்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. விசிறியின் இறக்கைகளைத் துடைத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். விசிறியைத் தாண்டி, காற்று செம்புத் தகடுகளுக்குள் நுழையும் வாயில் அது படிகிறது. விசிறியைக் கழற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும்: கம்பளித் துணியை வெட்டி ஒட்டியதுபோல ஒரு சாம்பல்நிறப் பாளம், தகடுகளின் முழு அகலத்துக்கும். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாகக் கழன்று வரும். வெளியிலிருந்து காற்றை ஊதினால் இந்தப் பாளம் பின்னால் நகர்ந்து விசிறிக்குள்ளேயே விழும். அதனால் இரண்டு மூன்று வருடம் ஓடிய கணினி என்றால் திறந்து சுத்தம் செய்வதே முறை.

திறப்பவர்கள் கவனிக்க வேண்டியவை. மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிடுங்குவது. பேட்டரி உப்பியிருந்தால் அதோடு நிறுத்திவிட்டு, கணினியை இயக்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதைக் குத்துவதோ அழுத்துவதோ தீயில் முடியலாம். திருகுகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு தாளில் கணினியின் அடிப்பாகத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வையுங்கள். நீளமான திருகைத் தவறான துளையில் முடுக்கினால் எதிர்ப்பக்கத்தைத் துளைத்துவிடும். காற்று ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறித்தனமாகச் சுழன்றால் அதன் அச்சு கெடும்.

பேஸ்ட் மாற்றுவதாக இருந்தால், செம்புத் தகட்டின் திருகுகளுக்கு அருகே 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருக்கும். கழற்றும்போது பின்னிருந்து முன்னாக, பூட்டும்போது முன்னிருந்து பின்னாக. ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். மடிக்கணினியில் பிராசசரின் சிலிக்கன் மூடியில்லாமல் வெளியே தெரியும், அதனால் புதுப் பேஸ்ட் அதன் மேற்பரப்பு முழுவதையும் மெல்லிய படலமாக மூட வேண்டும். பழைய பேஸ்ட் வெள்ளிபோல் பளபளத்து உருண்டால் அது திரவ உலோகம். மின்சாரத்தைக் கடத்தும், ஒரு துளி சிந்தினாலும் பலகை போய்விடும். பழக்கமில்லாதவர்கள் அங்கே கை வைக்க வேண்டாம்.

சுத்தம் செய்தும் சூடு அடங்கவில்லை என்றால், உச்ச வேகத்தைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். ஒரு சிப் எரிக்கும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடுகிறது, மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கமாகக் கூடுகிறது. கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக மின்னழுத்தத்தை மிகவும் உயர்த்த வேண்டியிருப்பதால் அந்தப் பகுதிதான் அதிகச் சூட்டைத் தருகிறது. அதை விட்டுக்கொடுத்தால் இழப்பு சிறிது, குளிர்ச்சி நிறைய. முன்பெல்லாம் மின்னழுத்தத்தை மட்டும் தனியாகக் குறைக்கவும் முடிந்தது. 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபிறகு, பல தயாரிப்பாளர்கள் பயோஸ் வழியாக அந்த வசதியைப் பூட்டிவிட்டார்கள். உங்கள் கணினியில் அந்தக் கட்டம் மங்கலாகத் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

அறிகுறி: மேஜையில் நன்றாக ஓடுகிறது, மடியில் வைத்தால் மந்தம்

மெத்தையும் துணியும் காற்று வழியை அடைக்கும் என்பது தெரிந்ததே. தெரியாதது, பிராசசர் 65 டிகிரியில் இருக்கும்போதே வேகம் குறையலாம் என்பது. கணினியின் உடலில் வேறு உணரிகள் இருக்கின்றன. தோலைச் சுடாமல் இருக்க அவை வாட் வரம்பை இறக்கும். சில மாடல்கள் அசைவை வைத்தே மடியில் இருப்பதாக முடிவு செய்யும். ஆடுகிற மேஜையில் வைத்தாலும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளும். உறுதியான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: விளையாட்டு ஓடும்போது மட்டும் வேகம் குறைகிறது

பிராசசரும் கிராஃபிக்ஸ் சிப்பும் பல கணினிகளில் ஒரே செம்புக் குழாயையும் ஒரே மின்பங்கையும் பகிர்ந்துகொள்கின்றன. கிராஃபிக்ஸ் அதிகம் கேட்கும்போது பிராசசரின் பங்கு சுருங்கும். விளையாட்டின் காட்சி வேகத்துக்கு ஒரு மேல்வரம்பு வைத்தால் இரண்டுக்கும் மூச்சு கிடைக்கும்.

அறிகுறி: பேட்டரியில் மட்டும், அல்லது பேட்டரி இல்லாமல் மட்டும் மந்தம்

பேட்டரியில் ஓடும்போது வரம்பு குறைவது பெரும்பாலும் வடிவமைப்பு. பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டினாலும் வேகம் குறையலாம். திடீரென்று மின்தேவை உயரும் கணங்களில் பேட்டரி சார்ஜருக்குத் தோள் கொடுக்கிறது. அது இல்லாதபோது கணினி அணைந்துவிடாமல் இருக்கப் பிராசசரை அடக்கி வைக்கிறார்கள். செத்துப்போன பேட்டரியும் இதே அறிகுறியைத் தரும்.

அறிகுறி: புதுக் கணினி, தூசியில்லை, சார்ஜர் சரி, ஆனாலும் அடிப்படை வேகத்துக்குக் கீழே

பயோஸிலும் பிழை வரும். 2018 ஜூலையில் ஆப்பிளின் மேக்புக் ப்ரோ கணினிகள் கடுஞ்சுமையில் அளவுக்கு மீறி வேகம் குறைந்தன. வெப்பத்தை நிர்வகிக்கும் ஃபர்ம்வேரில் (கணினிக்குள் பதிந்திருக்கும் மென்பொருளில்) ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டிருந்தது என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, மென்பொருள் புதுப்பிப்பால் சரிசெய்தது. ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் கணினியைத் திறக்காதீர்கள். சுமை, வேகம், வெப்பம், வாட் நான்கும் ஒரே திரையில் தெரியும்படி படம் எடுத்து, புகாரோடு கொடுங்கள். "மெதுவாக இருக்கிறது" என்ற சொல்லைத் தட்டிக்கழிக்கலாம், "55 டிகிரியில் 0.9 கிகாஹெர்ட்ஸ்" என்ற படத்தைத் தட்டிக்கழிப்பது கடினம்.

அறிகுறி: எண்கள் எல்லாம் சரி, கணினி மட்டும் மந்தம்

அப்படியானால் பிராசசரை விட்டுவிடுங்கள். டாஸ்க் மேனேஜரில் வட்டு 100 சதவீதத்தில் நிற்கிறதா, நினைவகம் நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். சுழலும் வட்டு இன்னும் உள்ளே இருந்தால் அதைச் சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி-க்கு மாற்றுவதில் தொடங்குங்கள்.